தப்பா கட்டுன காந்தக் காயில்

ஒங்க டிப்பார்ட்மெண்ட் மலருக்கு ரெண்டு பக்கம் வேணும்னு வந்து கேட்டீங்க. வள்ளியம்மை மேடத்தோட கூட இருந்த பழைய அட்டெண்டர், ஏதாச்சும் நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்கன்னீங்க. போறப்ப வாசல்ல நின்னு, "அந்தக் காயில் வெவகாரம் மட்டும் வேணாம் ஐயா, பெரியவுக மனசு சங்கடப்படும்"னு ஒண்ணு சொல்லிட்டுப் போனீங்க பாருங்க, அதுலதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. காயில் வெவகாரத்த விட்டுட்டா எங்கிட்ட சொல்ல என்ன இருக்கு? மணி அடிச்சேன், டீ வாங்கியாந்தேன்னு சொல்லவா? அதனால அதத்தான் சொல்லப்போறேன். போட்டாப் போடுங்க, போடாட்டிப் போங்க.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போகல. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நான் சொல்லச் சொல்ல எம் மருமக எழுதுறா. "மாமா, 'போடாட்டிப் போங்க'வையும் எழுதணுமா?"ங்கிறா. எழுது தாயி, அதுதான் மொதல்ல.

எனக்குத் தொழில் மோட்டார் கட்டுறது. திருமயத்துல எம் மச்சான் கடை. கெணத்து மோட்டார், போர் மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னா எங்கிட்டதான் வரும். எரிஞ்ச காயில வெட்டி எடுத்துட்டு, புதுக் கம்பியச் சுத்தி, வார்னிஷ் ஊத்திக் காயவச்சுக் குடுக்கணும். மழை பொய்ச்ச வருசம் வேலை குமியும். வெள்ளாமை வாடுன சம்சாரி மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கும், ஆனா கை நிக்காது. எம் பொண்டாட்டி, என் சட்டையத் தனியாத்தான் தொவைப்பா. வார்னிஷ் நாத்தம் அவ சேலைக்கு ஒட்டுதாம்.

அந்தக் கடைக்குத்தான் வள்ளியம்மை மேடம் ஒருநா ஒயர்க் கூடையில ஒரு காயிலப் போட்டுக்கிட்டு வந்தாக. பக்கத்து ஊரு பெரிய வியாபாரக் குடும்பம். அண்ணந்தம்பியெல்லாம் மெட்ராசுல இருக்க, இவுக மட்டும் புதுக்கோட்டைக் காலேசுல கெமிஸ்ட்ரி எடுத்துக்கிட்டு இருந்தாக. நான் காயிலத் திருப்பிப் பாத்துட்டு, "இது எத்தன ஹெச்.பி. மோட்டாரும்மா?"ன்னேன்.

"மோட்டார் இல்லங்க. இது சுத்தாது."

"சுத்தாத மோட்டாரக் கட்டி என்னம்மா செய்ய?"ன்னு எம் மச்சான் சிரிச்சான்.

"சுத்துறது உள்ள இருக்கு. கண்ணுக்குத் தெரியாது"ன்னாக. சிரிக்காம சொன்னாக.

கட்டிக் குடுத்தேன். "எத்தன சுத்து?"ன்னு கேட்டாக. நானூத்திப் பன்னெண்டுன்னேன். "எப்படித் தெரியும்?"

"எண்ணுனேன்ல."

"சரியா எண்ணினீங்கன்னு எப்படித் தெரியும்?"

எனக்குக் கோவம் வந்துருச்சு. அவுக கண்ணு முன்னாடியே மொத்தத்தையும் பிரிச்சு, ஒவ்வொண்ணா எண்ணிக் காமிச்சேன். நானூத்திப் பதினொண்ணு வந்துச்சு. மச்சான் மொகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிட்டான். அந்தம்மா ஒரு சின்ன நோட்ட எடுத்து எழுதிக்கிட்டு, "இப்ப மறுபடி சுத்துங்க"ன்னாக. அவுக சொல்லி, அடுத்த வருசமே நான் காலேசுல டெம்பரரி அட்டெண்டர்.

அவுக சொபாவம் அதுதான். ஏச மாட்டாக. சத்தம் போட மாட்டாக. "எப்படித் தெரியும்?"னு ஒரு கேள்விதான். தப்பு நடந்தா அந்த நோட்டுல எழுதுவாக, இன்ன நாளு, இன்ன மணி, யாரு செஞ்சதுன்னு. அவுக செஞ்சதும் அதுலதான் இருக்கும். மெட்ராசுலேர்ந்து வந்த அண்ணன் ஒருதடவ லேபப் பாத்துட்டு, "ஏன் ஆத்தா, இந்தக் காந்தத்த வச்சு என்னத்த விக்கப்போற?"ன்னு கேட்டாரு. "வெளிச்சம் விக்கிறேன், வாங்கிக்கிறியா?"ன்னாக. அம்புட்டுத்தான் பேச்சு.

என்ன வெளிச்சம்னு சொல்லணும்ல. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன், படிச்சவுக சிரிக்காதீங்க. ஒரு கண்ணாடிக் குப்பி, வெரல் தண்டி. அதுக்குள்ள ரெண்டு மருந்து கலந்த தண்ணி மாதிரி ஒண்ணு. அது மேல கண்ணுக்கு ஆகாத வெளக்கு வெளிச்சத்த விட்டா, ஒரு மருந்துலேர்ந்து இன்னொண்ணுக்கு ஒரு பொடித் துணுக்கு தாவும். தாவுனதும் ரெண்டும் ஜோடியாத் தவிச்சுக்கிட்டு நிக்கும். திரும்ப ஒண்ணு சேந்தா நீலமா ஒரு வெளிச்சம் விடும். ஆனா ரெண்டுக்குள்ளயும் பம்பரம் மாதிரி ஒரு சுத்து இருக்கு. எதிரும் புதிருமா சுத்துற வரைக்கும் சேந்தா வெளிச்சம் வரும். நடுவுல ஒண்ணு சுத்த மாத்திக்கிச்சுன்னா, சேந்தாலும் அந்த வெளிச்சம் கெடையாது. வெளியேர்ந்து கொஞ்சம் காந்தம் காமிச்சா, அப்படி மாத்திக்கிறது கொறையுமாம். அதனால வெளிச்சம் கொஞ்சம் கூடும். கொஞ்சம்னா, நூறு பங்குல மூணோ நாலோ. கண்ணால பாக்க முடியாது. மெஷின்தான் கோடு போட்டுக் காட்டும்.

எங்க வீட்டு வாசக் கதவுல ஒட்டுற காந்தம் இருக்குல்ல, அது தண்டி பலம் இருந்தாப் போதும். இம்புட்டுக்காண்டு காந்தம் மருந்தோட சேர்மானத்த எப்படி மாத்தும், சூட்டுக்கு முன்னால அது எம்மாத்திரம்னு பெரிய பெரிய படிப்பாளிகளே ஒருகாலத்துல நம்பலயாம். அதனால ஏமாறாம இருக்கிறதுதான் பாதி வேலை.

நாங்க ஒருக்கா ஏமாந்தும் இருக்கோம். மொத வருசம் காந்தத்தப் போட்டதும் கோடு தடதடன்னு எறங்குச்சு. ஏறுதோ எறங்குதோ, அசைஞ்சுச்சேன்னு நான் கைதட்டிட்டேன். மேடம் குப்பிய எடுத்துட்டு, அந்த எடத்துல ஒரு சாதாரண டார்ச் பல்ப வச்சாக. காந்தத்தப் போட்டாக. பல்புக்கும் கோடு எறங்குச்சு. "பல்புக்கு என்ன மருந்து போட்டோம், கருப்பையா?"ன்னாக. வெளிச்சத்த அளக்குற டியூப் இருக்கு பாருங்க, அதையே காந்தம் இழுத்துக் கெடுத்திருக்கு. அப்புறம் போர் போடுற கடையில கனமான இரும்புக் குழாய் வாங்கி டியூபுக்கு ஒறை போட்டேன். டியூபத் தள்ளி வச்சு, கண்ணாடித் தண்டு வழியா வெளிச்சத்தக் கொண்டுபோனோம். பல்ப வச்சுப் பாத்தா கோடு ஆடல. குப்பிய வச்சா மட்டும் கோடு மெல்ல ஏறுச்சு. அப்பவும் மேடம் சிரிக்கல. "இன்னும் ஆறு மாசம் பாப்போம்"னாக.

பாத்தது பாத்திமா. கோட்டைப்பட்டினத்துப் பொண்ணு, அத்தாவுக்கு மீன் பிடிக்கிற ஒரு போட்டு, அண்ணன் கல்ஃபுல. பி.ஹெச்.டி. பண்ண வந்துச்சு. காலையில ரெண்டு பஸ் மாறி வந்து எறங்குறப்பவே, "கருப்பையாண்ணே, கேஸ் தொறந்தாச்சா?"ன்னு கேட்டுக்கிட்டேதான் வரும். குப்பிக்குள்ள காத்து இருந்தா வெளிச்சம் செத்துரும், அதனால நைட்ரசன் கேச அரை மணி நேரம் குமிழி விடணும். அது என் வேலை. கருப்புத் துணி கட்டுன ரூம்பு. வெளக்கப் போட்டு அது நிதானத்துக்கு வர ஒரு மணி நேரம். அப்புறம் காந்தம் இல்லாம ஒரு ரீடிங், காந்தத்தோட ஒரு ரீடிங். எங்க மெஷின் பழசு, ஒரு ரீடிங் நிலைச்சு நிக்க மூணு நிமிசம் ஆகும். ஒருநாளைக்கு நாப்பது ரீடிங். ரெண்டு வருசம்.

அந்த வருசத்தோட அதுக்கு ஸ்காலர்ஷிப் முடியுது. வீட்டுல மாப்ள பாத்து வச்சிருந்தாக. "தீசிஸ் குடுத்துட்டுத்தான் நிக்காஹ்"னு அத்தாட்ட கறாரா சொல்லிருச்சாம். "ஏம்மா, அந்த மாப்ள காத்திருப்பாரா?"ன்னேன். "நாலு பர்சென்ட்டுக்கு நான் ரெண்டு வருசம் காத்திருக்கேன்ல, அவரு இருக்கட்டும்"னு சொல்லுச்சு.

இப்பதான் ஹெச்.ஓ.டி. வாராரு. பேரு வேணாம். ("நல்ல வேளை"ங்கிறா மருமக.) அவருக்கு அந்த இருட்டு ரூம்பு மேல கண்ணு. அங்க கம்ப்யூட்டர் வரிசையா வச்சு, ஏ.சி. போட்டு, பெரியாளுகளக் கூட்டியாந்து காமிக்கணும். வெளியூர்லேர்ந்து ஒரு பெரிய புரொபசரக் கூப்பிட்டாரு, இந்த வேலை உருப்படுமான்னு பாத்துச் சொல்ல.

அவரு வர்றதுக்கு மூணு நாள் முந்தி கரண்டு போயிட்டு வந்தப்ப எகிறி வந்து, ஒரு பக்கத்துக் காயில் புகைஞ்சுபோச்சு. எங்க காந்தம்ங்கிறது, கரண்டு விட்டா காந்தமாகுற ரெண்டு காயில் வளையம். எதிரெதிரே நிக்கும், நடுவுல குப்பி. எரிஞ்ச வளையத்த மச்சான் கடைக்கே கொண்டுபோயிச் சுத்துனேன். அது கோடைக்காலம். கடையில எரிஞ்ச மோட்டாரு மலையாக் கெடக்கு. "மாப்ள, கைய மட்டும் குடுத்துட்டுப் போ"ன்னான். ரெண்டு நாள் அங்கேயே ஒக்காந்து மோட்டாரா கட்டுனேன். மூணாம் நாள் காலையில வளையத்தத் தூக்கிக்கிட்டு மொத பஸ்ஸப் பிடிச்சு வந்து, லேபுல மாட்டி கனெக்சன் குடுத்தேன்.

இங்கதான் பிசகு. மோட்டாருல பக்கத்துப் பக்கத்துக் காயில எப்படிக் கோப்போம்னா, முடிவ முடிவோட, தொடக்கத்தத் தொடக்கத்தோட. அப்பத்தான் ஒண்ணு வடக்கு, ஒண்ணு தெக்குன்னு மாறி மாறி வந்து மோட்டார் சுத்தும். ஆனா மேடத்தோட வளையத்துக்கு முடிவத் தொடக்கத்தோட கோக்கணும். ரெண்டும் ஒரே பக்கம் தள்ளணும். எனக்குத் தெரியாததா? ரெண்டு வருசமா நான் கோத்ததுதான். ஆனா ரெண்டு நாளா மோட்டாரு கட்டுன கை, தன் போக்குல முடிவ முடிவோட முறுக்கிருச்சு. சோத்த வாயில வைக்கிறப்ப யோசிக்கிறோமா? அது மாதிரி.

பெரிய புரொபசர் வந்தாரு. ஒல்லியா, வெள்ளச் சட்டை, அதிகம் பேசல. பாத்திமா ரீடிங் எடுத்துச்சு. காந்தம் இல்லாம ஒண்ணு. காந்தத்தோட ஒண்ணு. கோடு ஏறல. திரும்ப எடுத்துச்சு. ஏறல. இருபது ரீடிங். வெறப்பா ஒரே கோடு, நடவுல கயிறு பிடிச்ச மாதிரி.

"முன்னால பாத்தது சூடா இருக்கலாம்மா"ன்னாரு அவரு, மெதுவா. "மூணு நிமிசம் கரண்டு ஓடுது. காயில் சுடுது. அந்தச் சூடு குப்பிக்குப் போயி வெளிச்சத்த மாத்திருக்கும். காந்தத்தோட வேலைன்னு சொல்ல எனக்கு ஆதாரம் இல்ல. இன்னைக்குக் கோடு ஏறவும் இல்ல."

ஹெச்.ஓ.டி. மொகத்துல வெளக்கு எரிஞ்சுச்சு. பாத்திமா துப்பட்டாவ இழுத்து மூக்கத் தொடச்சுக்கிட்டு, நோட்ட மூடி வச்சுச்சு.

அவுகெல்லாம் போனதும் நான் ஒரு தையல் ஊசிய நூல்ல கட்டி, ரெண்டு வளையத்துக்கும் நடுவுல தொங்கவிட்டேன். கரண்டக் குடுத்தேன். காந்தம் இருந்தா திரும்ப வேண்டிய ஊசி அசையல. செத்த மாதிரி தொங்குது. கனெக்சனத் தடவிப் பாத்தேன். முடிவோட முடிவு. ரெண்டு வளையமும் எதிரெதிரே தள்ளி, நடுவுல ஒண்ணுமில்லாம ஆக்கிருக்கு.

மேடம் ரூம்புக்கு ஓடுனேன். "மேடம், நான்தான் கெடுத்தேன். மோட்டாருக்குக் கட்டுற மாதிரி கட்டிட்டேன்."

பாத்திமா அங்கதான் ஒக்காந்திருந்துச்சு. "அண்ணே!"ன்னு ஒரே வார்த்தை. அதுக்கு ஏசிருந்தாலும் தாங்கிருப்பேன்.

மேடம் நோட்ட எடுத்தாக. நாள எழுதுனாக. மணிய எழுதுனாக. பேனாவ நிறுத்திட்டு, "காயில் சுட்டுச்சா?"ன்னாக.

"கரண்டு அதேதான மேடம். கை வைக்க முடியல. எப்பவும் சுடுற மாதிரிதான்."

"எப்படித் தெரியும்?"

வெரலக் காமிச்சேன். கொப்புளம் போட்டிருந்துச்சு. அவுக அந்த வெரலையே பாத்தாக. அப்புறம் சிரிச்சாக பாருங்க. நான் அவுகளோட இருந்த காலத்துல அம்புட்டுச் சத்தமா சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன்.

"சூடு இருந்திருக்கு, காந்தம் இல்ல. கோடு ஏறல. அப்ப கோட்ட ஏத்துனது சூடு இல்ல! பாத்திமா, சூடு இல்லம்மா!"

பாத்திமாவுக்கு அது புரிய ஒரு நிமிசம் ஆச்சு. அப்புறம் என்னப் பாத்து, "அண்ணே, நீங்க தப்புப் பண்ணலேன்னா நாம மாட்டிருப்போம்ணே"ன்னு சொல்லுச்சு.

ஆனா இத வெறும் வாயால சொன்னா யாரு நம்புவா? நான் சொன்னேன், "மேடம், ரெண்டு கம்பிய ஒண்ணாப் பிடிச்சு, ஜோடியாச் சுத்துறேன். பம்பு செட்டுல மாட்டுற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒண்ணப் போடுவோம். ஒருபக்கம் தள்ளுனா ரெண்டு கம்பியிலயும் கரண்டு ஒரே தெசையில ஓடும், காந்தம் வரும். இன்னொருபக்கம் தள்ளுனா எதிரெதிரே ஓடும், காந்தம் வராது. கரண்டும் சூடும் ரெண்டுலயும் ஒண்ணுதான்." மேடம், "சுத்துங்க"ன்னாக.

இதுக்குள்ள சேதி ஹெச்.ஓ.டி. காதுக்குப் போயிருச்சு. என்னக் கூப்பிட்டாரு. மேசையில டைப் அடிச்ச ஒரு பேப்பர்.

"கையெழுத்துப் போடு."

"என்னங்கய்யா இது?"

"நீதான தப்பாக் கட்டுனேன்னு ஒத்துக்கிட்ட? அதுதான்யா. போடு."

எடுத்து எழுத்துக் கூட்டுனேன். அவரு கடியாரத்தப் பாத்துக்கிட்டிருக்காரு. நான் விடல. 'காந்தக் காயில்'... 'தொ', 'ட', 'க்', 'க'... 'தொடக்கத்திலிருந்தே தவறாக இணைக்கப்பட்டிருந்தது.' தொடக்கத்திலிருந்தே! ரெண்டு வருசத்து ரீடிங்கும் குப்பைன்னு அதுக்கு அர்த்தம். பாத்திமா கெளம்பலாம், ரூம்பக் காலி பண்ணலாம்.

"ஐயா, இந்த ஒரு வார்த்தை பொய்யி. நான் தப்பாக் கட்டுனது ஒருநாள்தான்."

"ஒனக்கு என்னய்யா தெரியும் காந்தத்தப் பத்தி? சொன்ன எடத்துல போடு."

"காந்தத்தப் பத்தித் தெரியாதுங்கய்யா. நான் கட்டுனதப் பத்தித் தெரியும்."

"ஒன் பர்மனன்ட் ஆர்டர் எங்க இருக்கு தெரியுமா? இந்த டிராயர்ல."

"இருக்கட்டும்யா. அங்கேயே இருக்கட்டும்"னு பேப்பர வச்சுட்டு வந்துட்டேன். வெளிய வந்து கொழாயடியில தண்ணி குடிச்சேன். வீட்டுல சொன்னேன். எம் பொண்டாட்டி, "வார்னிஷுக்கே திரும்பிப் போறதுன்னா போ. பொய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்து எங்கிட்ட சோறு கேக்காத"ன்னா.

ஒம்பது நாள் சுத்துனேன். ரெண்டு கம்பியும் ஒட்டிப் படுக்கணும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது. ஒவ்வொரு அடுக்குக்கும் கரண்டு கசியாம லெதராய்டு பேப்பர், மேல நாடா. சுத்து எண்ணிக்கைய மூணு தடவ எண்ணுனேன். பாத்திமா பக்கத்துல ஒக்காந்து ஒரு தடவ எண்ணுச்சு. மேடம் பெரிய புரொபசருக்கு லெட்டர் போட்டு, தப்ப மறைக்காம எழுதி, இன்னொரு தடவ வரணும்னு கேட்டாக. மனுசன் வந்தாரு. அத நான் மறக்க மாட்டேன். வரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்ல.

சுவிட்ச்சுல ரெண்டு பக்கமும் 'ஒண்ணு', 'ரெண்டு'ன்னு மட்டும் எழுதியிருந்தேன். "சார், எது எதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே போடுங்க. நாங்க மூணு பேரும் வெளிய நிக்கிறோம்"னேன். ஹெச்.ஓ.டி., "ஏய், யாருகிட்ட என்ன பேசுற?"ன்னாரு. புரொபசர் கையக் காமிச்சு, "அவரு சொல்றதுதான் சரி. நீங்களும் வெளிய நில்லுங்க"ன்னாரு.

வராந்தாவுல நாலு பேரு நின்னோம், ஹெச்.ஓ.டி.யோட சேத்து. பாத்திமா ஒதடு மட்டும் அசையுது, ஓதுது. ரெண்டு மணி நேரம் ஆச்சு. கதவு தொறந்துச்சு. பேப்பர்ச் சுருள் தரையில விழுந்து இழுபட அவரு வந்தாரு.

"ரெண்டுல போட்டா ஏறுது. ஒண்ணுல போட்டா ஏறல. குப்பி பக்கத்துல வச்ச தெர்மாமீட்டர் ரெண்டுலயும் ஒண்ணுதான் காட்டுது"ன்னாரு. என்னப் பாத்து, "ரெண்டுதான் காந்தமா?"

"ஆமாங்க சார்."

"நான் சொன்னது தப்பும்மா"ன்னு பாத்திமாகிட்ட சொன்னாரு. அத்தன பேரு முன்னாடி. படிச்சவரு அப்படிச் சொல்லி நான் கேட்டது அது ஒருக்காத்தான்.

பாத்திமா தீசிஸ் எழுதுச்சு. ஹெச்.ஓ.டி. கடைசியா ஒண்ணு சொல்லிப் பாத்தாரு. அந்தக் கோடு ஏறாத நாளு ரீடிங்க எடுத்துரு, அட்டெண்டர் பண்ணுன தப்பெல்லாம் தீசிஸ்ல எதுக்கு, காலேசுக்கு அசிங்கம்னாரு. பாத்திமா எங்கிட்ட வந்து, "ஒங்க பேரு அடிபடும்ணே, எடுத்துரவா?"ன்னு கேட்டுச்சு. "எடுத்தியோ, பேச மாட்டேன்"னேன். மேடம் அந்த நாளு படத்துக்குக் கீழ என்ன எழுதணும்னு அவுக கையாலயே எழுதிக் குடுத்தாக.

என் ஆர்டர் ரெண்டு வருசம் டிராயர்லயே கெடந்துச்சு. அவரு மாறிப் போனப்பறம்தான் வந்துச்சு. அதுக்கு நான் யாரு காலுலயும் விழல.

ஒங்க லைப்ரரியில அந்த தீசிஸ் இருக்கு. எடுத்துப் பாருங்க. பக்கம் பக்கமா படம், எல்லாத்துலயும் கோடு ஏறி எறங்கிக் கெடக்கும். ஒரே ஒரு படத்துல மட்டும் கோடு ஏறாம எறங்காம நேராப் போகும். அதுக்குக் கீழ நாளு போட்டு, 'காயில் இணைப்பு: கருப்பையா'ன்னு அச்சடிச்சிருக்கும். அது நான் கட்டுனது.